ரைனி: ஒரு பாரிஷின் பழங்கதை, கி.பி. 1100க்கு முன்னால்

ஏப்ரல் 12 – வாசகர் கேள்வி

"ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களுக்குப் பழைய வரலாறு என்று ஒன்று உண்டா? ரோமானியர் அங்கே காலூன்றவில்லை. உள்ளூர்க்காரர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. கி.பி. 1100க்கு முன்னால் அங்கே வெறும் மேடும் ஆடும்தான், மிச்சமெல்லாம் சுற்றுலாக்காரர்கள் கட்டிவிட்டது என்கிறேன். மறுப்பவர்கள் ஒரே ஒரு பாரிஷை எடுத்துக் காட்டுங்கள், பார்ப்போம்."

ஏப்ரல் 12, இரவு

ரைனி.

ஏப்ரல் 13

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் கோபம் வருகிறது பலருக்கு. சரி, விரிவாகவே சொல்கிறேன்.

அபர்டீன்ஷயரில், ஹன்ட்லி ஊருக்குத் தெற்கே பதினான்கு கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிச் சாம்பல் நிறக் கல்வீடுகள், சில நூறு பேர். காரில் போகிறவன் வேகத்தைக் குறைப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். பாரிஷ் என்பது அந்த ஊர் மட்டுமில்லை. ஒரு கிர்க், அதாவது ஸ்காட்லாந்துத் தேவாலயம், அதற்கு உட்பட்ட பண்ணைகள், மேய்ச்சல் சரிவுகள், மலை எல்லாம் சேர்ந்ததுதான் பாரிஷ். ரைனியும் எஸ்ஸியும் ஒரு காலத்தில் தனித்தனி, பிறகு இணைத்துவிட்டார்கள். எஸ்ஸியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ராஜாவைக் கொன்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நிலம். போகி ஆறு வடக்கே ஓடி ஹன்ட்லியை ஒட்டி டெவரனில் கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஸ்ட்ராத்போகி. ரைனி அதன் மேல்பாதியில் இருக்கிறது. மேற்கே கேப்ரக் பக்கத்து மேட்டுநிலம், கிளாஷிண்டாரக் காடு. ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச இடங்களில் அந்தக் காடும் ஒன்று. வடமேற்கே டாப் ஓ நோத் மலை, 563 மீட்டர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்த மலைதான் முதலில் கண்ணில் படும். கூம்பாக எழும்பி, நுனியில் மட்டும் யாரோ சீவிவிட்டது மாதிரித் தட்டையாக இருக்கும்.

பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது பழைய செம்மணற்கல். சுற்றியுள்ள கெட்டிப் பாறைகளுக்கு நடுவே நிலப்பிளவு ஒன்றின் ஓரமாக அது கீழிறங்கி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் மலைக்கு நடுவிலும் ஓட்ஸ், பார்லி விளைகிற நல்ல மண். ஆளரவமற்ற பாழ்நிலம் என்று நினைத்துக்கொண்டு யாரும் இந்த இழையைப் படிக்க வேண்டாம். சாப்பாடு விளைந்த இடம், அதனால் ஆள் இருந்த இடம்.

ஏப்ரல் 14

"ஆதாரம் எங்கே, மண் நன்றாக இருந்தால் வரலாறு ஆகிவிடுமா" என்று ஒருவர். பொறுங்கள் ஐயா. மண்ணுக்கு அடியில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எழுத்தே தேவையில்லை.

எல்கின் ஊரில் வில்லியம் மேக்கி என்று ஒரு மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரம் பாறை. 1912 வாக்கில் ரைனிப் பக்கம் நிலப்படம் வரைய வந்தவர், வயலோரம் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலியில் வித்தியாசமான கல் ஒன்றைப் பார்த்தார். செர்ட், அதாவது சிலிக்கா இறுகிய கெட்டிக் கல். மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே செடி. அச்சு விழுந்த செடி இல்லை, செல் செல்லாக அப்படியே நிற்கிற செடி. வயது ஏறக்குறைய 40.7 கோடி ஆண்டு.

பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லைப் பொறுக்கி வேலி போட்டு ஆட்டைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகின் மிகப் பழைய முழுமையான நிலவாழ் உயிர்க்கூட்டம் அந்த வேலியில் இருந்திருக்கிறது.

செர்ட் எங்கேயும் வெளியே தலைகாட்டவில்லை, மண்ணுக்கடியில்தான் கிடக்கிறது. டேவிட் டெய்ட் என்ற புதைபடிவச் சேகரிப்பாளர் பள்ளம் தோண்டித்தான் உள்ளே இருந்ததை எடுத்தார். ராபர்ட் கிட்ஸ்டனும் வில்லியம் லாங்கும் 1917 முதல் 1921 வரை ஐந்து கட்டுரைகளில் செடிகளை விவரித்தார்கள். ரைனியா என்று ஒரு செடிக்குப் பெயரே ஊரிலிருந்து வந்தது. இன்னொன்று ஆஸ்டெராக்ஸிலான் மேக்கியை, மருத்துவர் பெயரில். பள்ளம் தோண்டின டெய்ட்டையும் மறக்கவில்லை, ப்ரோடோடாக்ஸைட்டீஸ் டெய்ட்டி என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு வம்பு பிடித்த ஜந்து, தனியாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 14, மறுபடியும்

எப்படி அழுகாமல் நின்றது என்று கேட்டவருக்கு: வெந்நீர் ஊற்று. அன்று இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. பக்கத்தில் எரிமலைக் குழம்பு, சமவெளியில் ஆறு, நடுவே சிலிக்கா கரைந்த வெந்நீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இன்றைய யெல்லோஸ்டோன் அதற்கு நெருங்கிய உதாரணம். வெந்நீர் வழிந்து ஆறும்போது சிலிக்கா படிந்து, நின்ற செடியை நின்றபடியே கல்லாக்கிவிட்டது. அதே வெந்நீர் ஆர்சனிக்கையும் துளித்துளித் தங்கத்தையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 1980களில் அது தெரிய வந்தபோது சுரங்க ஆசையும் கொஞ்சம் கிளம்பியது. நல்லவேளை, சுரங்கம் எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 17

"40 கோடி ஆண்டுக்கு முந்திய பாசியெல்லாம் ஒரு கிராமத்தின் வரலாறா? நான் கேட்டது மனித வரலாறு." கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்.

நியாயம்தான், பாதி. ஆனால் நிலம் என்றால் படம் எடுக்கிற மேடுபள்ளம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தச் செர்ட் படிந்த பள்ளமும், இன்று பார்லி நிற்கிற பள்ளமும், ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு தலைவன் வேலி கட்டிக் குடியிருந்த பள்ளமும் ஒரே பள்ளம். நிலப்பிளவு இறங்காமல் இருந்திருந்தால் மூன்றும் கிடையாது. இதைப் பிரித்துப் பேச எனக்கு வரவில்லை.

பாசி என்று சொன்னதற்கும் ஒரு வார்த்தை. ரைனியாவுக்கு இலை கிடையாது, சரியான வேர் கிடையாது, உயரம் ஒரு சாண் இருந்தால் அதிகம். ஆனால் காற்றுத்துளை உண்டு, நீர் கடத்தும் குழாய் உண்டு, தண்டின் நுனியில் வித்துத்தூள் பை உண்டு. வேருக்குப் பதிலாகப் பூஞ்சையோடு கூட்டு வைத்துக்கொண்ட செடியும் அங்கே உண்டு, அக்லாஓஃபைட்டன். அந்தச் செல்லுக்குள் பூஞ்சை கிளைவிட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். வயலில் இன்று நிற்கிற பார்லி வேரிலும் அதே வகைக் கூட்டுத்தான் நடக்கிறது.

இன்னொன்று, பொடியன்கள் பக்கத்தில் இருந்தால் இந்த வரியைத் தாண்டிவிடுங்கள். 2003ல் ரைனி செர்ட்டில் சிலந்தியின் ஒன்றுவிட்ட உறவான நெடுங்கால் பூச்சி ஒன்றை விவரித்தார்கள், ஈயோஃபலாஞ்சியம். அதன் சுவாசக் குழாய் மட்டுமில்லை, ஆணின் குறியும் பெண்ணின் முட்டையிடும் குழாயும் கெடாமல் இருக்கின்றன. 40 கோடி ஆண்டுக்குப் பிறகு இப்படி அம்பலப்படுவோம் என்று அது எதிர்பார்த்திருக்காது.

ஏப்ரல் 18

"உலகின் முதல் பூச்சி ரைனியில் கிடைத்தது" என்று கீழே ஒட்டியிருக்கிறீர்கள். ஜாக்கிரதை. ரைனியோநாதா என்பது ஒரு ஜோடித் தாடை, அவ்வளவுதான். 1928ல் பெயர் வைத்தார்கள். 2004ல் இரண்டு நிபுணர்கள் திரும்பப் பார்த்து, இது பூச்சி, சிறகு வைத்த வகைக்கே நெருக்கம் என்றார்கள். 2017ல் வேறு இருவர் பார்த்து, இல்லை, இது பூரான் வகையாக இருக்கலாம் என்றார்கள். கல் அதேதான், தாடை அதேதான். ரைனியெல்லா என்ற துள்ளுவாலிதான் சண்டையில்லாமல் நிற்கிறது, ஆனால் அதைப் பூச்சி என்று கூப்பிடலாமா என்பதில் மறுபடி சண்டை.

ஏப்ரல் 26

போதும் கல்லுக்குள் இருப்பது. மலைக்குப் போவோம். சொந்த அனுபவமும் கொஞ்சம்.

நான் அபர்டீனில் வேலை பார்க்கிறேன். டாப் ஓ நோத் ஏறியது முதலில் வெறும் நடைக்காகத்தான். அடிவாரத்தில் ஸ்கர்டார்க் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், பாதை முதலில் மேய்ச்சல் நிலம், பிறகு ஹெதர் புதர், கடைசியில் செங்குத்து. மேலே ஏறினதும் காற்று ஆளைத் தள்ளுகிறது. உச்சியில் நீள்சதுரமாக ஒரு கற்குவியல் கரை. சரிந்த சுவர் என்று நினைத்து ஒரு கல்லைத் தொட்டால், பக்கத்துக் கல்லோடு ஒட்டியிருக்கிறது. உருகி, குமிழ் விட்டு, வழிந்து, பிறகு ஆறியிருக்கிறது. அடுப்புக் கசடு மாதிரி.

இந்த வகையை உருகிய கோட்டை என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பல உண்டு. ஸ்காட்லாந்தின் எல்லா மலைக்கோட்டைகளிலும் உயரத்தில் டாப் ஓ நோத்துக்கு இரண்டாவது இடம், சதர்லாந்தின் பென் கிரியம் பெக்தான் அதைவிட உயரம். உச்சிக்கோட்டை நீளம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் முப்பது மீட்டர் வாக்கில். உள்ளே நீர் தேங்கும் குழி ஒன்று. வாசல் எங்கே என்று தேடினேன், காணோம். இந்த நீள்சதுர வகையில் பெரும்பாலும் அப்படித்தானாம், வாசலே தெரியாது. ஏணி வைத்து ஏறினார்களோ என்னவோ.

1777லேயே ஜான் வில்லியம்ஸ் என்ற கனிமத் தேடலாளர் இப்படிப்பட்ட கோட்டைகளைப் பற்றி எழுதிவிட்டார். அதைப் படித்தவர்களில் சிலர், இதெல்லாம் செத்த எரிமலை வாய் என்று வாதாடினார்கள். ரைனி பள்ளத்தாக்கில் எரிமலைப் பாறை இருந்தது உண்மை, ஆனால் அது செடிகள் காலத்துக் கதை. மேலே இருக்கும் கசடு மனிதன் மூட்டிய நெருப்பு.

ஏப்ரல் 27

யார் மூட்டியது? எதற்கு?

சுவருக்குள் கல்லோடு மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த மரம் பற்றிக்கொண்டால் சுவர் உள்ளிருந்து வேகும். 1937ல் தொல்லியலாளர் கோர்டன் சைல்டும் வாலஸ் தோர்னிகிராஃப்டும் ஒரு மாதிரிச் சுவர் கட்டி எரித்துப் பார்த்தார்கள், உருகியது. 1980ல் அபர்டீனிலேயே ஈஸ்ட் டல்லஸ் பகுதியில் இயன் ரால்ஸ்டன் பெரிய அளவில் செய்தார். லாரி லாரியாக விறகு போட்டும் கொஞ்சம் கல்தான் உருகியது.

எனக்கு இதிலிருந்து படுவது: தவறிப்போய்ப் பற்றிய தீ இல்லை இது. சமையல் அடுப்பிலிருந்து பொறி பறந்து 560 மீட்டர் உயரத்தில் கோட்டைச் சுவரை வழியவிடாது. விறகை மேலே சுமந்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஆயிரம் டிகிரியை நீண்ட நேரம் நிறுத்தியிருக்கிறார்கள். வென்றவன் தோற்றவனின் கோட்டையை ஊரே பார்க்க எரித்தான் என்பது எனக்கு ஒத்துவருகிறது. ராத்திரியில் அந்த நெருப்பு பென்னகி மலை வரை தெரிந்திருக்கும்.

மே 2

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். வென்றவன் எரித்தான் என்பதில் ஒரு யோசனை. கட்டியவர்களே, தலைவன் செத்தபோதோ இடத்தைக் கைவிட்டபோதோ, சடங்காக எரித்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. எதிரிக்குக் கோட்டை பிடிபட்டால் அதில் குடியேறுவான், இத்தனை விறகை ஏன் வீணாக்குவான் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நான் இன்னும் எதிரிப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன், ஆனால் முன்னளவு இறுக்கமாக இல்லை.

காலம்: உச்சிக்கோட்டை கி.மு. கடைசி நூற்றாண்டுகளைச் சேர்ந்தது, இரும்புக் காலம். கேள்வி கேட்டவரின் 1100க்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது. குறித்துக்கொள்ளவும்.

மே 3

இப்போது இழையின் மிகப் பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். "டாப் ஓ நோத்தில் 4,000 பேர் வாழ்ந்தார்கள், பிக்ட் மக்களின் தலைநகரம்" என்று மூன்று பேர் ஒரே செய்தியை ஒட்டியிருக்கிறீர்கள். பிக்ட் என்பது ரோமர் காலத்திலும் அதற்குப் பிறகும் வட ஸ்காட்லாந்தில் வாழ்ந்த மக்கள்.

உச்சிக்கோட்டைக்குக் கீழே சரிவில் இன்னொரு சுற்றுச்சுவர் ஓடுகிறது, சுமார் 17 ஹெக்டேர் அடைக்கிறது. அதற்குள் குடிசை போட்ட மேடைகள், மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தியவை, இருப்பது முன்பே தெரியும். ஆகாயத்திலிருந்து லேசர் வீசி அளந்தபோது எண்ணிக்கை 800ஐத் தொட்டது. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கோர்டன் நோபிள் குழு குழி தோண்டிக் கரி எடுத்துக் காலம் கணித்தது. 2020 மே மாதம் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்த மேடைகள் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரை போயின. பிக்ட் காலம். அடித்த அடி அதுதான்.

4,000 என்பது வேறு கணக்கு. 800 மேடை, வீட்டுக்கு நாலைந்து பேர், பெருக்கினால் வரும். எல்லா வீடும் ஒரே சமயத்தில் புகைந்துகொண்டிருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். முந்நூறு ஆண்டு ஓடிய இடத்தில் எத்தனை வீடு எப்போது நின்றது என்பதைச் சில குழிகளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆய்வுக்குழு "இருக்கலாம்" என்று சொன்னதைப் பத்திரிகைகள் "இருந்தார்கள்" என்றாக்கின.

பாதிப் பேர், கால்வாசிப் பேர் என்று வைத்துக்கொண்டாலும் அன்றைய ஸ்காட்லாந்தில் அது பெரிய குடியிருப்பு. குறைத்துச் சொன்னாலும் என் வாதத்துக்குச் சேதமில்லை.

மே 3, சற்று நேரம் கழித்து

தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டவர் மலை ஏறிய ஆள் என்று தெரிகிறது. சரிவில் ஊற்று இருக்கும். ஆனால் ஜனவரியில் அந்தச் சரிவில் குடியிருப்பதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. வருஷம் முழுக்க இருந்தார்களா, கோடையில் கூடுகிற இடமா, அரசன் கூட்டிய கூட்டமா? மூன்றும் பேசப்படலாம். என் மனம் இரண்டாவதில் நிற்கிறது, காரணம் குளிர் மட்டுமே. அதை ஆதாரம் என்று யாரிடமும் வாதாட மாட்டேன்.

மே 9

கீழே இறங்குவோம். ஊருக்குத் தெற்கே வயல் நடுவில் கிரா ஸ்டேன் என்று ஒரு கல் நிற்கிறது. மேலே சால்மன் மீன், கீழே பிக்ட் மிருகம் என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சுருண்ட மூக்குப் பிராணி. யானையா, டால்ஃபினா, குதிரையா என்று இருநூறு ஆண்டாக அடிதடி. நான் கலந்துகொள்ளவில்லை. ரைனியில் மொத்தம் எட்டுப் பிக்ட் கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு சிறு பாரிஷுக்கு அது அதிகம்.

1978ல் அந்த வயலைச் சேர்ந்த பண்ணையில் உழும்போது கலப்பையில் மாட்டியது ஒரு பெரிய பலகைக்கல். புரட்டினால் ஆள். தாடி, பெரிய மூக்கு, கூர் பல், இடுப்பில் கச்சை கட்டிய அங்கி, தோளில் மெல்லிய பிடி வைத்த கோடரி, நடக்கிற நிலை. கல்லின் உயரம் 1.8 மீட்டர் வாக்கில், ஆளுயரம். ரைனி மனிதன் என்று பெயர். அவனைக் கொண்டுபோய் அபர்டீனில் கவுன்சில் தலைமை அலுவலகமான உட்ஹில் ஹவுஸின் முகப்பில் நிறுத்தினார்கள். நான் முதலில் பார்த்தது அங்கேதான், ஏதோ விண்ணப்ப வேலையாகப் போனபோது. வரவேற்பு மேசை, நாற்காலி, துண்டுப்பிரசுரம், நடுவில் கோடரியோடு இவன். காத்திருந்தவர்கள் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே 10

"கல்லில் படம் இருந்தால் நாகரிகமா" என்று அதே நண்பர். சரி, கல்லை விடுங்கள். கல்லைச் சுற்றித் தோண்டியதைச் சொல்கிறேன்.

ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் கிரா ஸ்டேனைச் சுற்றி வட்ட வட்டமாக அகழிக் கோடுகள் தெரிந்தன. 2011 முதல் அபர்டீன், செஸ்டர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தோண்டின, கோர்டன் நோபிளும் மெகன் கோண்டெக்கும் பொறுப்பு. உள்ளே இரண்டு அகழி, வெளியே பெரிய மரக்கட்டைகள் நட்டுப் பலகை அடித்த வேலி, நடுவில் மரக் கட்டடங்கள். கிரா ஸ்டேன் அந்த வளாகத்தின் நுழைவாயில் பக்கம் நின்றிருக்கிறது. காலம் கி.பி. நான்காம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டுக்குள்.

கிடைத்தவை: கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து மது ஜாடி ஓடுகள், பிரான்ஸ் பக்கத்துக் கண்ணாடிக் கோப்பைத் துண்டுகள், உலோகம் வார்க்கிற மூசைகளும் அச்சுகளும், குட்டி மிருக உருவம் வார்க்கும் அச்சு, கோடரி வடிவத்தில் ஒரு இரும்பு ஊசி. அந்த ஊசிக் கோடரி, ரைனி மனிதன் தோளில் இருக்கும் கோடரியின் ஜாடை. சண்டைக் கோடரி என்பதைவிடப் பலிமாடு வெட்டும் கோடரியாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது, அத்தனை மெல்லிய பிடியோடு போருக்குப் போக மாட்டான்.

மது ஜாடி விஷயத்தில் நிற்க வேண்டும். இந்த வகை ஜாடி பிரிட்டனில் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் மேற்குக் கரை, கார்ன்வாலில் டின்டாஜல் மாதிரி. ரைனியில் கிடைத்ததுதான் மிக வடக்கே. கடலே தெரியாத உள்நாட்டுப் பள்ளத்தாக்கு. ரோமப் பேரரசின் எல்லைக்கு வெகு தூரம் வெளியே, அந்தப் பேரரசு மேற்கில் சரிந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே ஒருவன் மத்தியதரைக் கடல் ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி விருந்தினருக்கு நீட்டியிருக்கிறான். வெறும் மேடும் ஆடும் என்று யாரோ சொன்னார்கள்.

மே 11

ரோமானியர் வரவே இல்லை என்பதும் முழுசாகச் சரியில்லை. பிரிட்டனை ஆண்ட ரோம ஆளுநர் அக்ரிகோலாவின் படை கி.பி. 83 அல்லது 84ல் வடக்கே வந்து மான்ஸ் கிராபியஸ் என்ற இடத்தில் போரிட்டது, ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். இடம் எது என்பது இன்னும் சண்டை. பென்னகி மலையடியில் டர்னோவில் 1975ல் பெரிய ரோமப் படைமுகாம் அகப்பட்டதிலிருந்து பலர் பென்னகி பக்கம். டாப் ஓ நோத் உச்சியில் நின்றால் பென்னகி தெரியும். ஊன்றவில்லை, ஆனால் கண்ணுக்கெட்டும் தூரம் வரை வந்தார்கள்.

அந்த இரண்டு மலைக்கும் உள்ளூரில் ஒரு கதை உண்டு: ஜாக் ஓ நோத், ஜாக் ஓ பென்னகி என்று இரண்டு ராட்சசர்கள், ஒரு பெண்ணுக்காகச் சண்டை, மலையிலிருந்து மலைக்குப் பாறை வீச்சு. என் பையனுக்கு உருகிய கோட்டை, லேசர் எதுவும் ஞாபகமில்லை, இது மட்டும் இருக்கிறது.

மே 23

வேலை நெரித்தது. அதற்குள் இங்கே "ரைனிதான் பிக்ட் தலைநகரம்" என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். கேள்வி கேட்டவரை விட இவர் எனக்குத் தொல்லை.

தலைநகரம் என்றால் ஒரே ராஜ்யம் இருக்க வேண்டும். பிக்ட் என்ற பெயர் முதலில் 297ல் ஒரு ரோமப் புகழுரையில் வருகிறது, வெளியாட்கள் வைத்த பெயர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் பல தலைவர்கள் பல பள்ளத்தாக்குகளில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவனின் இருப்பிடம் ரைனி, பணக்காரன், சடங்கு நடத்துகிறவன். அவ்வளவு சொல்லலாம். ஆறாம் நூற்றாண்டு நடுவில் பள்ளத்தாக்கு வளாகத்தைக் கைவிட்டுவிட்டார்கள். பின்னால் பெரிய ராஜ்யமாக எழுந்தது ஃபோர்ட்ரியூ. அது தெற்கே பெர்த்ஷயரில் என்று காலங்காலமாகப் படித்துவந்ததை 2006ல் அலெக்ஸ் வுல்ஃப் தூக்கி வடக்கே மோரே பக்கம் வைத்தார், பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வடக்குதான் ஓரம் என்ற நினைப்பே அதோடு ஆட்டம் கண்டது.

மலைமேல் குடியிருப்புக்கும் கீழே வளாகத்துக்கும் என்ன உறவு என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி. காலம் ஒன்றோடொன்று மேல்விழுகிறது. தலைவன் கீழே, குடிகள் மேலேயா? கூட்டம் மேலே, விருந்து கீழேயா? பள்ளத்தாக்கில் நல்ல நிலத்தை விட்டுவிட்டு ஜனங்கள் ஏன் மேலே ஏற வேண்டும்? பயம் என்பது சுலபமான பதில். ஆனால் கீழே இருந்தவன் மரவேலியோடு நிம்மதியாக ஒயின் குடித்திருக்கிறானே.

ஜூன் 1

எஸ்ஸி ராஜாவைக் கேட்டு மூன்று பேர் நினைவூட்டிவிட்டீர்கள்.

ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் பார்த்த ஸ்காட்லாந்து ராஜா மக்பெத்தை மறந்துவிடுங்கள். நிஜ மக்பெத் 1057 ஆகஸ்டில் லம்ஃபனன் என்ற இடத்தில் கொல்லப்பட்டான், இதே அபர்டீன்ஷயர்தான். அவன் மனைவி க்ருவாக்கின் முதல் கணவனுக்குப் பிறந்தவன் லுலாக். மாற்றாந்தகப்பனுக்குப் பிறகு ஸ்கோனில் முடிசூடினான். ஏழெட்டு மாதம். 1058 மார்ச்சில் ஸ்ட்ராத்போகியில் எஸ்ஸியில் அடுத்து ராஜாவான மூன்றாம் மால்கமின் ஆட்கள் அவனை முடித்தார்கள், வஞ்சகமாக என்கிறது பழைய குறிப்பு. நாடகத்தில் இந்தப் பையனுக்கு இடமே இல்லை.

எஸ்ஸியில் இன்று சில பண்ணைகள், ஒரு பழைய கிர்க்கின் மிச்சம். ஒரு ராஜா ஏன் இந்த மூலைக்கு ஓடி வந்தான்? மோரேதான் அவன் குடும்பத்தின் பலம். தெற்கிலிருந்து மோரேக்குப் போகிற வழிகளில் ஒன்று ஸ்ட்ராத்போகி. ஓடிப்போய்ச் சேருவதற்குள் பிடித்துவிட்டார்கள் என்று நான் படிக்கிறேன். கேள்வி கேட்டவரின் 1100க்கு 42 ஆண்டு முன்னால், எழுத்திலும் இருக்கிறது.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் "சரி, ரைனிக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அது விதிவிலக்கு" என்று எழுதியிருக்கிறார்.

விதிவிலக்கு என்பது எப்படித் தெரியும்? ஒரு மருத்துவர் வேலியைப் பார்த்தார், ஒரு கலப்பை தடுக்கியது, ஒரு விமானம் சரியான வறட்சியில் பறந்தது, ஒரு பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தது. பக்கத்துப் பாரிஷ்களில் இந்த நாலும் இன்னும் கூடிவரவில்லை. 1790களில் ஜான் சின்க்ளேர் ஒவ்வொரு பாரிஷ் குருவையும் எழுதச் சொல்லி ஸ்காட்லாந்து முழுக்கத் தொகுத்தார். அந்தக் குருமார்களே மேடு, கல், பழங்கோட்டை என்று நிறைய குறித்து வைத்திருக்கிறார்கள். தோண்ட ஆள் இல்லை, பணம் இல்லை.

ஜூன் 14

ப்ரோடோடாக்ஸைட்டீஸைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி விட்டுப்போயிருந்தேன். வேறு இடங்களில் எட்டு மீட்டர் வரை மரத்தண்டு மாதிரி நின்ற உயிர், மரமே இல்லாத காலத்தில். ரைனியில் இருப்பது சின்ன வகை. நெடுங்காலம் ராட்சசப் பூஞ்சை என்றார்கள். 2025ல் எடின்பரோவில் ஒரு குழு ரைனித் துண்டின் வேதியியலையும் உள்ளமைப்பையும் பார்த்து, பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை, வாரிசில்லாமல் அழிந்த தனிக் கிளை என்றது. மறுப்பு வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், தாடைக் கதையைப் பார்த்தோமே.

ஜூன் 20

போக விரும்புகிறவர்களுக்கு, கடைசியாகக் கேட்டதற்குப் பதில். ஹன்ட்லி வரை அபர்டீன்–இன்வர்னஸ் ரயிலில் போகலாம். அங்கிருந்து கார் இருந்தால் நிம்மதி, பஸ்ஸை நம்பாதீர்கள். மலைக்கு ஸ்கர்டார்க் வழி, நாயைக் கயிற்றில் கட்டுங்கள், மேய்ச்சல் நிலம். உருகிய கல்லைப் பெயர்க்காதீர்கள். சதுக்கத்திலும் பழைய கிர்க்கின் கல்லறை முற்றத்துப் பக்கமும் சில பிக்ட் கற்கள் இருக்கின்றன, கிரா ஸ்டேன் வயல் நடுவில், பயிர் நின்றால் உள்ளே இறங்காதீர்கள். செர்ட் வயலைத் தேடிப் போகாதீர்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், மேலும் அங்கே பார்க்க ஒன்றுமே கிடையாது, புல்தான். செர்ட்டுக்குள் இருப்பதைப் பார்க்க நுண்ணோக்கிப் படங்கள்தான் வழி, அபர்டீன் பல்கலைக்கழகம் இணையத்தில் நிறைய போட்டிருக்கிறது.

ஹெதர் பூக்கிற ஆகஸ்டில் போனால் மலை ஊதா நிறம். மிட்ஜ் கொசுவும் அப்போதுதான், ஆனால் உச்சியில் காற்று அதை நிற்க விடாது.